படத்தைப் படிக்காமல் இருப்பது

1949ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி போர்ச்சுகல் நாட்டு நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்குப் போனது. மண்டையில் துளையிட்டு, மூளையின் முன்மடலுக்குப் போகும் நரம்பிழைகளை வெட்டிவிடும் முறையைக் கண்டுபிடித்ததற்காக. அதே ஆண்டு அக்டோபரில், அதே போர்ச்சுகீசிய மொழி பேசும் பிரேசிலில், சாவோ பாவ்லோ நவீனக் கலை அருங்காட்சியகம் ஒன்பது பேருடைய ஓவியங்களையும் சிற்பங்களையும் காட்சிக்கு வைத்தது. ஒன்பது பேரும் ரியோ டி ஜெனிரோவின் புறநகர்ப் பகுதியான எஞ்ஜேனியோ டி டென்ட்ரோவில் இருந்த அரசு மனநோய் மருத்துவமனையின் உள்நோயாளிகள். அவர்களில் லூசியோ என்பவர் போர்வீரர்களைச் சிற்பமாகச் செய்துவந்தார். நிமிர்ந்து நிற்கும், உடம்பில் எடையும் முகத்தில் உறுதியும் கொண்ட வீரர்கள்.

அந்த ஆண்டிலேயே லூசியோவின் மண்டையும் துளையிடப்பட்டது. அதே மருத்துவமனையில் வேலைசெய்த மருத்துவர் நீஸி ட சில்வெய்ரா எதிர்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. அறுவைக்குப் பிறகும் லூசியோவிடம் களிமண் கொடுக்கப்பட்டது. அவர் கை அதைப் பிசைந்தது, உருவம்போல ஏதோ வந்தது. வீரர்கள் வரவில்லை. முன்னால் செய்ததையும் பின்னால் செய்ததையும் நீஸி பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

கலைச் சிகிச்சை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டு களிமண் வரிசைகள்தான். ஒரு நோயாளி செய்த பொருளைச் சாட்சியமாக வைத்து இன்னொருவர் மேல் குற்றம் சாட்டியதில், எனக்கு முழுக்க நியாயமாகப் படும் ஒரே சந்தர்ப்பம் இது. மற்றபடி, மனம் கலங்கியவர்கள் வரைந்த படங்களை மற்றவர்கள் படித்த வரலாறு அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை.

நீஸி 1905இல் பிரேசிலின் வடகிழக்கில் மாசெயோ நகரத்தில் பிறந்தவர். பாஹியா மருத்துவக் கல்லூரியில் 157 பேர் படித்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். 1936இல் மேசையில் மார்க்ஸியப் புத்தகங்கள் இருந்ததைச் சக செவிலியர் ஒருவர் காட்டிக்கொடுக்க, ஓராண்டுக்கும் மேல் சிறையில் கிடந்தார். நாவலாசிரியர் கிரேசிலியானோ ராமோஸ் அதே சிறையில் இருந்தார். அவருடைய சிறை நினைவுகளில் நீஸி வருகிறார். வெளியே வந்த பிறகும் அரசு வேலை உடனே திரும்பவில்லை. 1944இல்தான் எஞ்ஜேனியோ டி டென்ட்ரோவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் வெளியே இருந்த அந்த ஆண்டுகளில் மனநோய் மருத்துவம் தலைகீழாக மாறியிருந்தது. 1938இல் ரோமில் தொடங்கிய மின் அதிர்ச்சி, இன்சுலின் கொடுத்து உண்டாக்கும் மயக்கநிலை, முன்மடல் நரம்பிழைகளை வெட்டும் லோபோடமி எல்லாம் வந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்த நீஸிக்குச் சக மருத்துவர் மின் அதிர்ச்சியைச் செய்து காட்டினார். நோயாளி துடித்து அடங்கினார். அடுத்தவரைப் படுக்க வைத்து, பொத்தானை அழுத்துங்கள் என்றார். நீஸி அழுத்த மாட்டேன் என்றார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்று நடந்தது மயக்கமருந்து இல்லாமல் கொடுத்த அதிர்ச்சி. இன்று மயக்கமும் தசைத் தளர்த்தியும் கொடுத்துச் செய்யும் மின்சிகிச்சை வேறு. கடுமையான மனச்சோர்வில் அது உயிரைக் காப்பாற்றுகிறது. நம்முடைய 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பழைய முறையைத்தான் தடைசெய்திருக்கிறது. நீஸியின் பெயரைச் சொல்லி இன்றைய நோயாளியை மருத்துவரிடமிருந்து விரட்டுகிறவர்கள் அவருக்கு நன்மை செய்யவில்லை.

பொத்தானை அழுத்தாத மருத்துவரை என்ன செய்வது? யாரும் விரும்பாத பிரிவுக்கு அனுப்பினார்கள். தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு என்று பலகை இருந்ததே தவிர, அங்கே நோயாளிகள் தரை பெருக்கிக்கொண்டும் கழிவறை கழுவிக்கொண்டும் இருந்தார்கள். நீஸி அங்கே தையல், புத்தகக் கட்டு, தோட்டம், இசை என்று ஒவ்வொன்றாகத் திறந்தார். 1946இல் ஓவியக்கூடம் வந்தது. அதை நடத்தியவர் அல்மீர் மாவிக்னியே. இருபதைத் தாண்டியிருந்த இளைஞர். மருத்துவமனை ஊழியர், ஓவியம் பழகிக்கொண்டிருந்தவர், உளவியல் எதுவும் படிக்காதவர்.

இந்தக் கடைசித் தகுதி முக்கியமானது என்று நினைக்கிறேன். மாவிக்னியேவுக்கு நோய்க்குறிகள் தெரியாது, ஆகவே தேடவில்லை. எமிக்டியோ ட பார்ரோஸ் என்பவர் கடற்படைத் தளத்தில் எந்திரப் பணியாளராக இருந்தவர். 1924இல் உள்ளே போனவர் 1947இல் ஓவியக்கூடத்துக்குள் வந்தார். இடையில் 23 ஆண்டுகள். இந்த 23 ஆண்டுகளில் அவரைப் பற்றி எழுதப்பட்ட தாள்களில் எதிலும் இவருக்கு நிறம் தெரியும் என்று இருந்திருக்காது. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் தோட்டமும் ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் அறையும் ஒரே வெளிச்சத்தில் கலந்து கிடக்கும் படங்களை அவர் வரைந்தார். பிரேசிலின் பெரிய கவிஞர்களில் ஒருவரான ஃபெரேரா குல்லார் அவரை மேதை என்றே சொன்னார். ரஃபாயெல் டோமிங்கஸ் பதின்வயதிலேயே நோய்வாய்ப்பட்டவர், கோட்டோவியக்காரர். பேனாவை வைத்தால் தயங்காமல் ஒரே இழுப்பில் முகமும் பூச்சாடியும் வரும். அவருடைய மிகச் சிறந்த கோடுகள் எல்லாம் மாவிக்னியே பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. 1951இல் மாவிக்னியே ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது என்ன வேலை என்று நீஸி நிறைய யோசித்தார். வேதிவினையில் தான் மாறாமல் மற்றவற்றை வினைபுரிய வைக்கும் ஊக்கி உண்டல்லவா, அதன் பெயரைத்தான் அவர் பக்கத்தில் இருப்பவரின் இந்த அன்புக்கும் வைத்தார். மருத்துவமனை வளாகத்தில் திரிந்த நாய் பூனைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்தார். அவற்றை நோயாளிகளிடம் வளர்க்கக் கொடுத்தார், தன்னோடு சேர்ந்து வேலைசெய்யும் சிகிச்சையாளர்கள் என்றே எழுதினார். சக மருத்துவர்கள் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தால் நாயிடம் இருக்கும் பெரிய தகுதியும் மாவிக்னியேவின் தகுதிதான். அது மனிதனை நோயாளியாகப் படிக்காது.

ஆனால் நீஸி படித்தார். இங்கேதான் எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு உண்டு. படங்களில் வட்டங்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தவர், 1954இல் அவற்றைப் புகைப்படம் எடுத்து சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்குக்கு அனுப்பினார். இவை மண்டலங்களா என்று கேட்டார். ஆம் என்று பதில் வந்தது. 1957இல் ஜூரிச்சில் நடந்த உலக மனநோய் மருத்துவர் மாநாட்டில் எஞ்ஜேனியோ படங்களின் கண்காட்சியை யுங்கே திறந்து வைத்தார். புராணம் படிக்காமல் உங்கள் நோயாளிகளை நீங்கள் புரிந்துகொள்ள முடியாது என்ற அர்த்தத்தில் அவர் அறிவுரை சொல்ல, நீஸி புராணம் படித்தார். அதன் பிறகு அடெலீனா கோமஸ் வரைந்த, உடம்பு செடியாகவும் முகம் பூவாகவும் மாறும் பெண்கள் கிரேக்கப் புராணத்து டாஃப்னியின் கதையாக ஆனார்கள். நம் ஊர்க்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால் அகலிகையை இழுத்து வந்திருப்பார்.

அடெலீனா ஏன் அடைக்கப்பட்டார் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளும் அந்தக் கதையில்தான் தொடங்கும். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கேட்டுவிட்டவர் பிறகு அந்தப் படத்தில் அந்தக் கதையை மட்டும்தான் பார்ப்பார். பெண் செடியாகிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தில் பச்சை எவ்வளவு தடிமனாக அப்பப்பட்டிருக்கிறது, கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இலைகள் எப்படிக் கொஞ்சம் அவசரமாகத் தொடங்குகின்றன என்பதெல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். நீஸியின் விளக்கங்கள் புத்திசாலித்தனமானவை, படிக்கச் சுவையானவை. அவர் அறையில் செய்தது அவர் புத்தகத்தில் எழுதியதைவிடப் பெரியது என்பது என் கட்சி.

படத்தைப் படிக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹைடல்பர்க் இருக்கிறது. கலை வரலாறும் மருத்துவமும் இரண்டும் படித்த ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் 1919இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழக மனநோய் மருத்துவமனையில் சேர்ந்து, ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் இருந்த காப்பகங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, நோயாளிகள் வரைந்தவை, தைத்தவை, செதுக்கியவை என்று சுமார் 5,000 உருப்படிகளைத் திரட்டினார். 1922இல் வந்த அவருடைய புத்தகத்தை ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் பாரிஸுக்குக் கொண்டுபோனார். சர்ரியலிசக்காரர்கள் அதில் தங்கள் மூதாதைகளைக் கண்டுபிடித்தார்கள். பிரின்ஸ்ஹார்ன் படங்களை நோய்க்குறியாகப் பார்க்காமல் வடிவமாகப் பார்த்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் திரட்டியாகிவிட்டது. திரட்டியது அலமாரியில் இருக்கும், அலமாரியின் சாவி கைமாறும். நாஜிகள் வந்தார்கள். நவீன ஓவியர்களைக் கேவலப்படுத்த அவர்கள் நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சி ஊர் ஊராகப் போனபோது, ஹைடல்பர்க் படங்களில் சில அதில் சேர்க்கப்பட்டன. இந்தப் பைத்தியமும் அந்த ஓவியனும் ஒன்றுதான், பாருங்கள் என்று. அப்போது அதே மருத்துவமனையின் தலைவராக இருந்த கார்ல் ஷ்னைடர், மனநோயாளிகளைக் கொல்லும் அரசுத் திட்டத்தில் பங்கெடுத்தவர்.

பிரின்ஸ்ஹார்ன் மிகவும் வியந்த கலைஞர்களில் ஒருவர் ஃபிரான்ஸ் கார்ல் பூலர். நோய் வருவதற்கு முன் பெயர்பெற்ற இரும்புக் கலைவேலைக்காரர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய வேலைப்பாடு இருந்தது. 1940இல் கிராஃபெனெக் என்ற இடத்தில் நச்சுவாயு அறையில் கொல்லப்பட்டார். அவர் வரைந்தவை அப்போது பல்கலைக்கழகத்தின் சொத்தாக ஹைடல்பர்க்கில் பத்திரமாக இருந்தன.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அதுவும் நல்லெண்ணத்தில் தொடங்கியது இல்லை என்பதுதான் வேடிக்கை. 1946இல் சர்ரி மாவட்டத்து நெதர்ன் மருத்துவமனையில் எட்வர்ட் ஆடம்ஸன் என்ற ஓவியரை வேலைக்கு வைத்தார்கள். மருத்துவர்களுக்கு வேண்டியிருந்தது ஆராய்ச்சிப் பொருள். நோயாளிகள் யாருடைய தலையீடும் இல்லாமல் வரைய வேண்டும், அப்போதுதான் படத்தில் நோய் தெரியும். ஆகவே ஆடம்ஸனுக்குக் கட்டளை போட்டார்கள்: கற்றுக்கொடுக்காதே, திருத்தாதே, விளக்கம் சொல்லாதே. சோதனைக்கூடச் சுத்தத்துக்காகப் போட்ட இந்தத் தடையை அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தன் நடத்தையாகவே ஆக்கிக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு தாங்கி. ஆடம்ஸன் இருப்பார். கேட்டால் நிறம் எடுத்துக் கொடுப்பார். ஆராய்ச்சியாளர்கள் அதில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்று யாருக்கும் அக்கறை இல்லை. பூட்டிய வார்டில் இருந்த ஒருவர், எரிந்த தீக்குச்சியின் கரியால் கழிவறைக் காகிதத்தில் வரைந்து ஆடம்ஸனிடம் நீட்டியவை மிஞ்சியிருக்கின்றன.

இதுவரை பேசியது மனநோய். குடிநோய்க்கு வந்தால் சங்கதி இன்னும் சிக்கல்.

நம் மறுவாழ்வு மையங்களின் சுவர்களில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலைச் சுற்றிய பாம்பு. பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட ஆள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சூரியன், நடுவில் ஒரு பாதை. உன் குடியை வரை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவரும் வரைந்திருக்கிறார். இந்தப் படங்கள் எனக்குக் கொஞ்சம் கவலை தருகின்றன. குடிநோயாளிக்கு வராத கலை என்று ஒன்று இருந்தால் அது பேச்சு அல்ல. எதிராளி எதைக் கேட்க விரும்புகிறார் என்று முகம் பார்த்துக் கண்டுபிடித்து அதைச் சொல்வதில் அவர் பல வருடப் பயிற்சி உள்ளவர். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்திருக்கிறார். அத்தனை சத்தியத்தையும் சொல்லும்போது நம்பித்தான் சொன்னார். அவரிடம் போய் உன் குடியைப் படமாகக் காட்டு என்றால், இன்னொரு சத்தியத்தை வர்ணத்தில் எழுதிக் கொடுப்பார். பாம்பு நன்றாகவே வந்திருக்கும்.

1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டன. பேசுகிறவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அதே பொய்யைச் சொன்னவர்கள், ஆகவே ஏமாற்ற முடியாது. அது பேச்சைப் பேச்சாலேயே சரிசெய்யும் வழி. கைவேலைக்கு வழி வேறு. களிமண்ணிடம் சத்தியம் செய்ய முடியாது. சக்கரத்தில் மண் நடுவில் உட்காரவில்லை என்றால் உட்காரவில்லை, எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் பானை கோணும். மறுபடி பிசைய வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். குடியை விட்டவருக்கு மாலை ஆறு மணிக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு நீளம் என்று அவர் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். தூக்கம் வராது, எதுவும் ருசிக்காது, பழைய நண்பர்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் இப்படி இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் அவசரத்தைவிட, இந்த மாலைகளைக் கையால் கடப்பதற்கு ஏதாவது கொடுப்பது மேல்.

இதையும் அளவோடு சொல்ல வேண்டும். குடியை நிறுத்திய முதல் சில நாட்களின் நடுக்கத்துக்கும் குழப்பத்துக்கும் வேண்டியது மருத்துவமனையும் மருந்தும் தயமினும்தான். அந்த நாட்களில் சிலருக்கு வரும் சித்தப்பிரமை உயிரை எடுக்கக்கூடியது. தூரிகை அதற்குப் பிறகு.

எட்வர்ட் முங்க் 1908 அக்டோபரில் கோபன்ஹேகனில் டேனியல் யாக்கோப்ஸன் என்ற மருத்துவரின் சிகிச்சை இல்லத்தில் சேர்ந்தபோது அவருக்குக் காதில் குரல்கள் கேட்டன, யாரோ பின்தொடர்வதாக நம்பினார். பல வருடக் குடி. ‘அலறல்’ வரைந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஐரோப்பா முழுக்கத் தெரிந்த ஓவியர். தன் நோய் போனால் தன் கலையும் போய்விடும் என்று பயந்தவர். ஓய்வு, சாப்பாடு, குளியல், மெல்லிய மின்னோட்டம் கொடுப்பது என்று அந்தக் காலத்துச் சிகிச்சை நடந்தது. யாரும் அவரிடம் வரையச் சொல்லவில்லை. அவராக வரைந்தார். முதலில் வரைந்தவற்றுள் ஒன்று கேலிச்சித்திரம்: நாற்காலியில் முங்க், பக்கத்தில் செவிலி, மருத்துவர் அவருக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பிறகு அந்த மருத்துவரையே முழு உருவத்தில் பெரிய ஓவியமாகத் தீட்டினார். கால்களை அகட்டி, இடுப்பில் கைவைத்து, ஊரே தனக்குச் சொந்தம் என்று நிற்கும் யாக்கோப்ஸன். சுற்றிலும் தீ நிறங்கள். நோயாளி மருத்துவரைப் பார்த்து அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார் என்பது அந்தப் படத்தில் நன்றாகத் தெரிகிறது. நான் கேள்விப்பட்ட கலைச் சிகிச்சைகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு அன்று பெயர்கூட இல்லை.

அடுத்த ஆண்டு முங்க் நார்வேக்குத் திரும்பினார். பழைய குடிக்குப் பெரும்பாலும் திரும்பவில்லை. ஓஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்துக்குக் கடலுக்கு மேல் எழும் பிரம்மாண்டமான சூரியனை வரைந்தார், 1916இல் அது சுவரேறியது. எண்பது வயது வரை இருந்தார். கோபன்ஹேகனுக்குப் பிறகு முங்க் மங்கிவிட்டார் என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. ஒருவர் இன்னும் கொஞ்சம் நாசமாகியிருந்தால் நமக்கு இன்னும் இரண்டு நல்ல படங்கள் கிடைத்திருக்குமே என்று சோபாவில் உட்கார்ந்து வருந்துவது ஒருவகை ரசனை. இலக்கியச் சூழலிலும் இந்த ரசனைக்குப் பஞ்சமில்லை. நம்மில் எத்தனை பேர் ஒரு கவிஞனின் குடியைக் கவிதையோடு சேர்த்துக் கொண்டாடியிருக்கிறோம். அவன் செத்த பிறகு அஞ்சலிக் கூட்டத்திலும் அதையேதான் சொன்னோம்.

கே. ராமானுஜம் பற்றியும் இதே பாணியில்தான் எழுதுகிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், சிதைந்த மனநிலையோடும் பேச்சுத் தடையோடும் போராடியவர். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவருக்கு இடம் இருந்தது. அரண்மனைகள், பாம்புகள், பறக்கும் தேவதைகள், அவற்றின் நடுவே தொப்பி அணிந்த ராமானுஜம் தாமே. மையில் வரைந்த அந்த உலகத்தில் ஒரு விரல் இடம்கூடக் காலியாக இருக்காது. எஞ்ஜேனியோவின் அறையில் இருந்ததில் பாதியாவது சோழமண்டலத்தில் இருந்தது: பக்கத்தில் இருக்க ஆட்கள், வரைய இடம், ஆசானாக ஒருவர், கடல்கூட. 1973இல் ராமானுஜம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். முப்பதைத் தாண்டி அதிகம் போகாத வயது.

வரைதல் காப்பாற்றும் என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது. அவருக்கு மருந்தும் முறையான சிகிச்சையும் தொடர்ந்து கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதில் பலன் இல்லை. ஆனால் வரைதலும் நட்பும் இருந்தும் அவை போதாமல் போகலாம் என்பது நடந்திருக்கிறது.

போதுமா என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் மனச்சிதைவு உள்ள 417 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஓராண்டு வாராந்திரக் குழுக் கலைச் சிகிச்சை, ஒரு பகுதிக்கு வேறு பொழுதுபோக்குக் குழு, ஒரு பகுதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்து, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தார்கள். முடிவு 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அன்றாடம் இயங்கும் திறனிலும் நோயின் குறிகளிலும் கலைச் சிகிச்சையால் கூடுதல் பலன் தெரியவில்லை. கலைச் சிகிச்சையாளர்கள் கோபப்பட்டார்கள், ஆய்வின் அமைப்பைக் குறை சொன்னார்கள். சில குறைகள் நியாயமானவை. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. குழுவில் இடம் கொடுக்கப்பட்டவர்களில் கணிசமானவர்கள் ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை. சீட்டுக் குலுக்கி, உனக்குச் செவ்வாய்க்கிழமை ஓவியம் என்று சொன்னால் யார் வருவார்? எமிக்டியோ தன் காலால் நடந்து வந்தார்.

இதனால் ஆய்வு பொய் என்று ஆகாது. எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, எல்லார் கையிலும் ஒரே கிரேயான் பெட்டியைக் கொடுத்தால் நோய் குறையும் என்ற நம்பிக்கை பொய் என்று அது காட்டியிருக்கிறது. காட்டியது நல்லதுதான். மாத்திரை செய்யும் வேலையைப் படத்திடம் எதிர்பார்த்தால் படம் தோற்கும். படம் செய்யும் வேலை என்று ஒன்று இருந்தால், அது அளவுகோலில் விழும்படியானதா என்பது எனக்குச் சந்தேகம். லூசியோவுக்கு அறுவை செய்தவர்களிடமும் அளவுகோல் இருந்தது. அமைதியாகிவிட்டார் என்று அதில் மதிப்பெண் விழுந்திருக்கும்.

எஞ்ஜேனியோவில் குவிந்தவற்றுக்கு 1952இல் ஒரு அருங்காட்சியகமே வைத்தார் நீஸி. நனவிலிப் படிமங்களின் அருங்காட்சியகம் என்று பெயர். இன்று அங்கே மூன்றரை லட்சத்துக்கும் மேல் உருப்படிகள். இவ்வளவு சேர்ந்ததற்குக் காரணம் அவர் எதையும் தனியாக எடுத்துப் பார்க்காமல் ஒருவர் வரைந்தவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னதுதான். ஒற்றைப் படம் பேசாது, ஐந்நூறு படம் தொடர்ந்து பார்த்தால் ஏதோ நகர்வது தெரியும் என்றார். படிப்பதில் அவரோடு நான் உடன்படும் இடம் இந்த அளவுதான். கலை விமர்சகர் மாரியோ பெட்ரோஸா இவற்றைக் கலை என்றார், இன்னொரு தரப்பு இல்லை என்றது, பத்திரிகைகளில் சண்டை நடந்தது. நீஸி அதில் அதிகம் தலையிடவில்லை.

1956இல் அவர் மருத்துவமனைக்கு வெளியே, ரியோ நகரத்துக்குள் ஒரு வீட்டைத் தொடங்கினார். பனைமர வீடு என்று சொல்லலாம். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் சில மாதங்களில் மறுபடி வார்டுக்கே வந்துவிடுவதைப் பார்த்து எடுத்த முடிவு. பகலில் வந்து வரைந்து, தைத்து, நாடகம் போட்டு, காபி குடித்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகலாம். கதவுக்குப் பூட்டு இல்லை, மருத்துவர்களுக்கு வெள்ளைக் கோட்டு இல்லை, வந்திருப்பவர்களில் யார் மருத்துவர் என்று தேட வேண்டியிருக்கும். மீள்வது என்பது நம் ஊரில் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் தாள் கையில் கிடைக்கும் நாளோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மூலை, மாத்திரை டப்பா, வேலைக்குப் போகவில்லையா என்று கேட்கும் சித்தப்பா. வார்டுக்கும் இந்த மூலைக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டும் என்று நீஸிக்கு அன்றே தோன்றியிருக்கிறது.

ஃபெர்னாண்டோ டினிஸ் அந்த ஓவியக்கூடத்தின் இன்னொரு பிள்ளை. பாஹியாவில் பிறந்த கறுப்பர். தாய் பணக்கார வீடுகளில் தையல் வேலை செய்தவர். சிறுவயதில் தாயோடு போய் வந்த அந்த வீடுகளின் அறைகளை, பியானோவை, தரைவிரிப்பை, நாற்காலியைத் துண்டு துண்டாக நினைவிலிருந்து எடுத்து வரைந்துகொண்டே இருந்தார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு அசைபடம் செய்ய ஆசை வந்தது. படச்சுருள் எப்படி ஓடுகிறது என்று சொல்லிக்கொடுக்க மார்க்கோஸ் மகல்யாயெஸ் என்ற அசைபட இயக்குநர் வந்து உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கான படங்களை ஃபெர்னாண்டோ வரைந்தார். 1996இல் ‘எட்டு முனை நட்சத்திரம்’ என்ற படம் வெளியானது. அவரும் நீஸியும் ஒரே ஆண்டில், 1999இல், இறந்தார்கள்.

கலைச் சிகிச்சை தொடங்க விரும்பும் மையத்துக்காரர்கள் சில சமயம் யோசனை கேட்பதுண்டு. வர்ணம் எந்தக் கம்பெனி, மேசை எத்தனை, கண்காட்சிக்கு அமைச்சரைக் கூப்பிடலாமா என்றெல்லாம். வர்ணம் எதுவாக இருந்தாலும் சரி. கண்காட்சி வேண்டுமா என்பதை வரைந்தவரிடம் கேளுங்கள், கிழித்துப் போட வேண்டும் என்று அவர் சொன்னால் கிழிக்க விடுங்கள். நான் திருப்பிக் கேட்பது, அந்த அறையில் பக்கத்தில் உட்காரப்போகிறவர் யார், அவரை எத்தனை வருடத்துக்கு வைத்திருப்பீர்கள் என்று. ஆறு மாத ஒப்பந்தம் என்கிறார்கள். திட்ட நிதி அதற்கு மேல் வராதாம்.